சிங்கிள் ஸ்பீடு எம்டிபியில் செயின் டைட் வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நின்று மிதிக்கும்போதுதான் இந்த விஷயம் உறைக்கும். கியர் வண்டியில் ஏற்றம் வந்தால் கியரைக் குறைத்துவிட்டு உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். ஒரே கியர் உள்ள சிங்கிள் ஸ்பீடு எம்டிபியில் (மலைப்பாதைச் சைக்கிளில்) அந்த வழி கிடையாது. சீட்டை விட்டு எழுந்து, ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்து, உடம்பின் மொத்த எடையையும் ஒரு பெடல் மேல் போட்டுத்தான் ஏற வேண்டும். அந்த நேரத்தில் செயின் ஒரு பல் தாண்டினால் கால் சட்டென்று கீழே போகும், முட்டி நேராக ஹேண்டில்பாரில் போய் இடிக்கும். ஏற்காட்டில் காபித் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒரு மண்பாதையில் எனக்கு அப்படி நடந்து, முட்டி வீக்கம் வடிய இரண்டு வாரம் ஆனது.

அன்றைக்குக் காரணம் செயின் லூசாக இருந்தது அல்ல. முந்தின நாள்தான் அதை வீணைத் தந்தி மாதிரி இறுக்கி வைத்திருந்தேன். செயின்வீல் (பெடல்களோடு சுற்றும் முன் பல்சக்கரம்) சுற்றிவரும்போது இறுக்கம் கூடும் இடத்தில் அந்த இழுப்பும் என் மிதியும் சேர்ந்து பின் ஆக்சிலின் வலது முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுத்துவிட்டன, அதற்கப்புறம்தான் செயின் தொங்கிப் பல் தாண்டியது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வேலையில் பெரும்பாலோர் செய்யும் தவறு இறுக்காமல் விடுவது அல்ல, அதிகம் இறுக்குவது. இரண்டாவது தவறு, மற்ற எதையும் பார்க்காமல் நேராக ஸ்பேனரை எடுத்து செயினை இழுப்பது. டைட் வைப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவை நான்கைந்து இருக்கின்றன.

சிங்கிள் ஸ்பீடு எம்டிபி என்று நான் சொல்வது இரண்டு வகை வண்டிகளையும் சேர்த்துத்தான். நம் ஊர் சைக்கிள் கடைகளில் பள்ளிப் பையன்களுக்கு வாங்கித் தரும், முன்னால் சஸ்பென்ஷன் வைத்த, கியர் இல்லாத 26 அங்குல வண்டி ஒன்று. கியரே வேண்டாம் என்று தீர்மானித்து வாங்கிய, அல்லது கியரைக் கழற்றிவிட்டு மாற்றிய ஹார்ட்டெயில் (பின் சஸ்பென்ஷன் இல்லாத எம்டிபி) இன்னொன்று. விலையில் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம் என்றாலும் செயின் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே விதிதான்.

அரை மில்லிமீட்டர் செய்யும் வேலை

கியர் வண்டியில் பின் டீரெய்லரின் (செயினைக் கியர் மாற்றும் கருவியின்) ஸ்பிரிங் போட்ட கை கீழ்ப்பக்கச் செயினை எப்போதும் இழுத்துப் பிடித்திருக்கும். செயின் கொஞ்சம் நீண்டாலும் அதுவே சமாளித்துக்கொள்ளும். சிங்கிள் ஸ்பீடில் அந்தக் கை இல்லை. கிராங்க் (பெடல் மாட்டிய கை) சுற்றும் பாட்டம் பிராக்கெட்டுக்கும் (இனி பிபி என்றே சொல்கிறேன்) பின் ஆக்சிலுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் செயினின் இறுக்கத்தை முடிவு செய்கிறது.

அந்தத் தூரம் எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு கணக்கு. செயின்ஸ்டே (பிபியிலிருந்து பின் ஆக்சில் வரை போகும் ஃபிரேம் குழாய்) நீளம் 430 மி.மீ. என்று வையுங்கள். செயின் கம்பி போல நேராக நிற்கிற நிலையிலிருந்து ஆக்சிலை வெறும் அரை மில்லிமீட்டர் முன்னால் விட்டால் செயினில் ஒரு மில்லிமீட்டர் மிச்சமாகும். அந்த ஒரு மில்லிமீட்டர் மிச்சம், கீழ்ப்பக்கச் செயினை நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் ஆட்டமாகத் தெரியும். நமக்கு வேண்டிய ஆட்டம் மொத்தம் 10 முதல் 15 மி.மீ.; அதற்குத் தேவையான மிச்சம் சுமார் கால் மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. ஸ்பேனரை ஒரு இழுப்பு இழுத்ததும் லூசாக இருந்த செயின் திடீரென்று கல்லாகிப் போவது இதனால்தான்.

செயின்வீல் நூற்றுக்கு நூறு வட்டமாக, கிராங்கின் மையத்திலேயே உட்கார்ந்திருப்பது அபூர்வம். மையத்திலிருந்து கால் மில்லிமீட்டர் விலகியிருந்தால் போதும், ஒரு சுற்றுக்குள்ளேயே ஆக்சிலை அரை மில்லிமீட்டர் நகர்த்தியதற்குச் சமமான வித்தியாசம் வந்துவிடும். ஆகவே எந்த சிங்கிள் ஸ்பீடு வண்டியிலும் செயின் ஓரிடத்தில் இறுக்கமாகவும் இன்னோர் இடத்தில் தளர்வாகவும் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எந்த இடத்தில் வைத்து டைட் பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம்: எப்போதும் மிக இறுக்கமான இடத்தில்.

அதிகம் இறுக்கினால் என்ன ஆகும்? மிதிக்கும்போது மாவு மில் மாதிரி ஒரு கரகரப்பு கேட்கும், ஹப் (சக்கரத்தின் நடு உருளை) பேரிங்கும் பிபி பேரிங்கும் ஓய்வே இல்லாமல் இழுபடும், செயின் பின்களும் பற்களும் சீக்கிரம் தேயும். லூசாக விட்டால் கல்லில் குதித்து இறங்கும்போது செயின் கழன்று விழும், அல்லது நின்று மிதிக்கும்போது பல் தாண்டும். பெடலைப் பின்னால் மிதித்துப் பிரேக் பிடிக்கும் கோஸ்டர் பிரேக் வண்டி என்றால் ஆபத்து இன்னும் அதிகம். 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் ரீபேக் என்ற மலைச்சரிவுப் பந்தயம் தொடங்கியது. அங்கே பழைய பலூன் டயர் வண்டிகளில் இறங்கினார்கள், பெடலைப் பின்னால் மிதித்தால்தான் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருக்கும் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும், திரும்பவும் கிரீஸ் அடைக்க வேண்டும் (ஆங்கிலத்தில் ரீபேக்), பந்தயத்தின் பெயரே அப்படி வந்ததுதான். அந்த மாதிரி வண்டியில் செயின் போனால் பின் பிரேக்கும் சேர்ந்து போய்விடும். உங்கள் வண்டி கோஸ்டர் பிரேக் வகை என்றால் இதை ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் பாருங்கள்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கிராங்க் கையையும் அதேபோல் ஆட்டுங்கள். ஹப்பிலோ பிபியிலோ ஆட்டம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் நாம் கால் மில்லிமீட்டரைத் தேடிக்கொண்டிருக்கிறோம், பேரிங்கே அரை மில்லிமீட்டர் ஆடினால் எதை அளந்து என்ன பயன்.

அடுத்தது செயின் லைன். பின்னால் போய்க் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டிலிருந்து (பின் பல்சக்கரத்திலிருந்து) செயின்வீல் வரை பாருங்கள். செயின் இம்மியும் வளையாமல் நேர்கோட்டில் போக வேண்டும். கண்ணளவு போதவில்லை என்றால் அளந்துவிடலாம்: சீட் குழாயின் நடுவிலிருந்து செயின்வீல் பல்லின் நடு வரை உள்ள தூரம் முன் லைன். பின் லைனுக்கு, ஹப்பின் அகலத்தில் பாதியை எடுத்து, டிராப்அவுட்டின் (ஃபிரேமில் ஆக்சில் உட்காரும் பிளவின்) உள்பக்கத்திலிருந்து ஸ்ப்ராக்கெட் பல் வரை உள்ள தூரத்தைக் கழிக்கவும். ஹப் 135 மி.மீ. என்றால் பாதி 67.5, ஸ்ப்ராக்கெட் 18 மி.மீ. உள்ளே இருந்தால் பின் லைன் 49.5 மி.மீ. முன்னால் 50 மி.மீ. வந்தால் அருமை. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை, இரண்டு வரை ஓட்டலாம், அதற்கு மேல் போனால் நீங்கள் எவ்வளவு டைட் வைத்தாலும் செயின் கழலும், சத்தமும் போடும். செயின் அடிக்கடி கழலுகிறது என்று மேலும் மேலும் இறுக்குகிறவர்களின் வண்டிகளைப் பார்த்தால், நிறைய சமயம் குற்றவாளி இந்த லைன்தான். கேசட் (பல ஸ்ப்ராக்கெட்டுகளின் அடுக்கு) மாட்டும் ஹப்பை சிங்கிள் ஸ்பீடுக்கு மாற்றியவர்கள் பழைய கேசட்டின் ஸ்பேசர்களை (இடைவெளி வளையங்களை)த் தூக்கிப் போடாதீர்கள். ஸ்ப்ராக்கெட்டை இடம் வலமாக நகர்த்த அவைதான் உதவும்.

பற்களைப் பாருங்கள். கியர் வண்டியிலிருந்து எடுத்த செயின்வீலிலும் ஸ்ப்ராக்கெட்டிலும் சில பற்கள் குட்டையாக, பக்கவாட்டில் சரிவாக வெட்டியிருக்கும். அது செயின் சுலபமாக மேலே ஏறி இறங்குவதற்காகவே செய்த வெட்டு; நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். உயரமான, வெட்டு இல்லாத பற்கள் உள்ளதை வாங்குங்கள். அலுமினிய ஃப்ரீஹப் பாடி (ஹப்பில் ஸ்ப்ராக்கெட் மாட்டும் பகுதி) வைத்திருந்தால், அடிப்பகுதி அகலமான ஸ்ப்ராக்கெட்டாகப் பார்த்து வாங்கவும், மெல்லிய தகடு ஸ்ப்ராக்கெட் நின்று மிதிக்கும் அழுத்தத்தில் அலுமினியத்தைக் கீறிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும்.

செயின் அகலம் இரண்டு வகை: 1/8 அங்குலம், 3/32 அங்குலம். அகலமான 1/8 செயின் மெல்லிய 3/32 பற்களில் ஓடும், மெல்லிய செயின் தடித்த பற்களில் உட்காராது. ஸ்பிரிங் கிளிப் வகை செயின் லாக் (செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணி) என்றால், கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், திறந்த வாய் பின்னால்.

கடைசியாகத் தேய்மானம். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணத் தொடங்கி 24 பின் தள்ளி அளக்கவும். புதுச் செயினில் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. இருக்கும். அது 306.3 வந்தால் அரை சதவீதம் நீண்டுவிட்டது, புதுசு வாங்கும் நேரம். 308 தொட்டால் பற்களும் சேர்ந்து தேய ஆரம்பித்திருக்கும், புதுச் செயின் போட்டாலும் பழைய பற்களில் தாண்டும். தேய்ந்த செயினை டைட் வைத்து ஏமாற்ற முடியாது.

செயின் நீளம்

இதை ஒருமுறை போட்டுப் பார்த்தால் பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சைக்கிள் செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை அரை அங்குலம், 12.7 மி.மீ. அதை ஒரு கண்ணி என்று சொல்கிறேன். செயின்ஸ்டே நீளத்தை இரண்டால் பெருக்கி 12.7 ஆல் வகுங்கள்; அதோடு முன் பல், பின் பல் இரண்டின் கூட்டலில் பாதியைச் சேருங்கள். முன்னும் பின்னும் பல் எண்ணிக்கை வேறுபடுவதால் சுமார் 0.1 முதல் 0.15 கண்ணி கூடும், அதையும் சேர்க்கவும்.

உதாரணத்துக்கு 430 மி.மீ. செயின்ஸ்டே, முன்னால் 32 பல், பின்னால் 18. முதல் பகுதி 67.7, இரண்டாவது 25, சின்னத் திருத்தம் 0.15. மொத்தம் 92.86 கண்ணி. செயினில் உள்கண்ணி, வெளிக்கண்ணி என்று மாறி மாறி வருவதால் மொத்தம் இரட்டைப்படையாகத்தான் இருக்க முடியும். ஆக 94 போட வேண்டும். அப்படிப் போட்டால் ஆக்சில் 7 மி.மீ. பின்னால் போய் உட்காரும். டிராப்அவுட் ஸ்லாட்டில் அவ்வளவு இடம் இருந்தால் கவலை இல்லை. இல்லை என்றால் பின்னால் 20 பல் போட்டுக் கணக்குப் பாருங்கள்: 93.82 வரும், 94 கண்ணி போட்டால் ஆக்சில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் நகரும். ஒரு பல் கூட்டினால் ஆக்சில் சுமார் 3 மி.மீ. முன்னால் வரும், இரண்டு கண்ணி கழற்றினால் 12.7 மி.மீ. முன்னால் வரும். இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் எதை மாற்றுவது என்பது கடைக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும்.

அரைக்கண்ணி என்று ஒன்று விற்கிறது, ஒரு முனை அகலம், மறு முனை குறுகல். அதைப் போட்டால் ஒற்றைப்படை நீளமும் சாத்தியம். நான் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன், வளைந்த தகடு என்பதால் நேரான தகடு அளவுக்கு எனக்கு நம்பிக்கை இல்லை. தடித்த பல், மெல்லிய பல் என்று மாறி மாறி வரும் நேரோ வைடு செயின்வீல் உள்ளவர்கள் ஒற்றை அரைக்கண்ணி போடவே கூடாது. தடித்த பல் போய் குறுகலான உள்கண்ணியில் மோதும்.

டைட் வைக்கும் வேலை: பின்பக்கம் திறந்த ஸ்லாட்

நம் ஊர் வண்டிகளிலும், சர்லி நிறுவனத்தின் கராத்தே மங்கி மாதிரி ஃபிரேம்களிலும் இருப்பது இந்த வகைதான். ஆக்சில் ஒரு நீண்ட பிளவில் முன்னும் பின்னும் நகரும். இதைச் செய்யத் தெரிந்தால் மற்ற வகைகள் எல்லாம் இதன் கிளைகள்தான், அதனால் இங்கே நிதானமாகப் போகிறேன்.

முதலில் பின் சக்கரம் தரையில் படாதபடி வண்டியை நிறுத்துங்கள். ஸ்டாண்டு இல்லை என்றால் தலைகீழாகக் கவிழ்த்துக்கொள்ளலாம். அப்போது மேல் செயின், கீழ்ச் செயின் இடம் மாறும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ரிம் பிரேக்கோ, ஃபிரேமில் நிலையாகப் பொருத்திய டிஸ்க் காலிப்பரோ இருந்தால் போல்ட்டைத் தளர்த்திவிடுங்கள், ஆக்சில் நகர்ந்ததும் பிரேக் இடம் மாறும்.

இரண்டு பக்க ஆக்சில் நட்டுகளையும் அரைச் சுற்று தளர்த்துங்கள். முழுக்கக் கழற்றினால் சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஆடும், கையால் தள்ளினால் நகர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும், அந்த அளவு போதும். சக்கரத்தைப் பின்னால் இழுத்து, பார்வைக்கு ஓரளவு சரியாக இருக்கும் இடத்தில் நட்டுகளைக் கையால் லேசாக முறுக்குங்கள்.

இப்போது இறுக்கமான இடத்தைத் தேட வேண்டும். கிராங்கை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் செயினின் நடுவில் அவ்வப்போது தட்டுங்கள். விரலை வைக்காதீர்கள். செயினுக்கும் பல்லுக்கும் நடுவில் விரல் போனால் நுனி துண்டாகிவிடும், நான் இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கோஸ்டர் பிரேக் வண்டியில் பின்னோக்கிச் சுற்ற முடியாது, முன்னோக்கி மெதுவாகச் சுற்றி, நிறுத்தி, தட்டிப் பாருங்கள்.

எத்தனை சுற்று சுற்ற வேண்டும்? இதைப் பலர் ஒரு சுற்றோடு விட்டுவிடுகிறார்கள். செயின்வீலுக்கு ஒரு கோணல் இருந்தால் ஸ்ப்ராக்கெட்டுக்கும் அல்லது ஃப்ரீவீலுக்கும் ஒரு கோணல் இருக்கும், இரண்டும் ஒன்றாகக் கூடும் நேரம்தான் உண்மையான இறுக்கம். முன்னால் 32, பின்னால் 16 என்றால் அந்தக் கூடல் ஒவ்வொரு சுற்றிலும் வந்துவிடும். 32க்கு 20 என்றால் ஐந்து சுற்றுக்கு ஒருமுறை. 32க்கு 18 என்றால் ஒன்பது சுற்று ஆகும். அதனால் பத்து சுற்றாவது பொறுமையாகச் சுற்றி, மிக இறுக்கமான நிலையில் கிராங்கை அப்படியே நிறுத்துங்கள்.

சுற்றும்போதே யார் குற்றவாளி என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு கிராங்க் சுற்றுக்கும் ஒருமுறை, அதே இடத்தில் இறுகினால் செயின்வீல். ஒரு சுற்றுக்குள் ஒன்றரை, இரண்டு முறை இறுகினால் பின்னால் உள்ளது. கிட்டத்தட்ட மூன்று சுற்றுக்கு ஒருமுறை ஒரு துடிப்பு வந்தால் பிரச்சினை செயினிலேயே இருக்கிறது, 94 கண்ணிச் செயின் 32 பல்லில் முழுதாக ஒருமுறை ஓடி முடிக்க அவ்வளவு சுற்று ஆகும். ஏதோ ஒரு கண்ணி மடங்காமல் விறைத்திருக்கும். அதைக் கண்டுபிடித்து, இரண்டு கைகளாலும் பிடித்து பக்கவாட்டில் லேசாக வளைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், சரியாகிவிடும்.

சரி, கிராங்க் இறுக்கமான இடத்தில் நிற்கிறது. கீழ்ச் செயினின் நடுவில் ஒரு ஸ்கேலை நிறுத்திப் பிடித்து, செயினை மேலே தூக்கி, கீழே அழுத்தி, மொத்த ஆட்டத்தைப் பாருங்கள். 10 முதல் 15 மி.மீ. வந்தால் ஆக்சிலை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். தளர்வான இடத்தில் இது 25, 30 கூடப் போகலாம், லைன் நேராக இருந்தால் கழலாது.

செயின் அட்ஜஸ்டர் இருந்தால் ஆக்சிலை நகர்த்துவது சுலபம். ஆனால் அதன் போல்ட் 6 மி.மீ. அளவு என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு ஆக்சில் ஒரு மில்லிமீட்டர் நகரும், 5 மி.மீ. போல்ட் என்றால் 0.8. மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள்: அரைச் சுற்றிலேயே மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் மாறிவிடும். கால் சுற்று, அரைக்கால் சுற்று என்றே போங்கள், ஒவ்வொரு முறையும் செயினை ஆட்டிப் பாருங்கள்.

அட்ஜஸ்டர் இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல முறை உண்டு, சக்கரத்தை நடக்க வைப்பது என்று நான் சொல்வேன். வலது நட்டை இறுக்கி, இடது நட்டைத் தளர்த்துங்கள். பிபிக்குப் பக்கத்தில் உள்ள டயர் பகுதியை இடது செயின்ஸ்டே பக்கம் கையால் தள்ளினால், ஆக்சிலின் இடது முனை கொஞ்சம் பின்னால் போகும். இப்போது இடது நட்டை இறுக்கி, வலதைத் தளர்த்தி, டயரைத் திரும்ப நடுவுக்குத் தள்ளுங்கள். வலது முனை பின்னால் போகும், செயின் டைட் ஆகும். முழு பலத்தோடு சக்கரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் ஸ்பேனர் போடும் அவஸ்தை இதில் இல்லை, துல்லியமும் அதிகம்.

டயர் இரண்டு செயின்ஸ்டேக்கும் நடுவில் சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, நட்டுகளை வலது கொஞ்சம், இடது கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஆக்சில் நட்டுக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை வேண்டும். குட்டி ஸ்பேனரால் வராது, கைப்பிடி நீளமான 15 ஸ்பேனர் வாங்கி வையுங்கள். நட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் முள்வெட்டுப் போட்ட வாஷர் இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். இறுக்கும்போதே ஆக்சில் இம்மியளவு நகர்ந்துவிடும், நமக்கு அந்த இம்மிதான் எல்லாம், ஆகவே இறுக்கிய பிறகு திரும்பவும் பத்து சுற்று சுற்றி, திரும்பவும் அளக்கவும். முதல் தடவையிலேயே சரியாக வருவது அபூர்வம். எனக்கு இன்றும் இரண்டு மூன்று முறை ஆகிறது.

கடைசிச் சோதனை: கிராங்கைப் பின்னோக்கி ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கையை எடுங்கள். எங்கும் தயங்காமல், கரகரக்காமல் சுற்றி அடங்க வேண்டும். ஓரிடத்தில் முக்கினால் அந்த இடத்தில் டைட் இன்னும் அதிகமாகவே இருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஓடும் செயினைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கழற்ற முயன்றும் கழலாவிட்டால் காட்டுப்பாதையிலும் கழலாது. பிரேக்கைத் திரும்பச் சரிசெய்து இறுக்க மறக்காதீர்கள்.

செயின்வீலை மையத்துக்குக் கொண்டுவருவது

இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால், செயின்வீலைக் கிராங்கோடு பிடித்திருக்கும் நான்கு அல்லது ஐந்து போல்ட்டுகளையும் லேசாகத் தளர்த்துங்கள், செயின்வீல் தட்டினால் நகரும் அளவுக்கு மட்டும். கிராங்கைச் சுற்றி இறுக்கமான இடத்தில் நிறுத்தி, செயினின் நடுவில் மரக்கட்டையால் ஒரு தட்டு தட்டுங்கள். போல்ட் ஓட்டைகளில் உள்ள சிறு இடைவெளியில் செயின்வீல் கொஞ்சம் பின்னால் தள்ளப்படும். மறுபடி சுற்றுங்கள், அடுத்த இறுக்கமான இடத்தில் தட்டுங்கள். நாலைந்து முறையில் சமமாகிவிடும். பிறகு எதிரெதிர் போல்ட்டுகளாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கவும். அமெரிக்க சைக்கிள் நிபுணர் ஷெல்டன் பிரவுன் பரப்பிய முறை இது. அவர் 2008இல் இறந்துவிட்டார், எனக்கு இதைவிட நல்ல வழி இன்றுவரை தெரியாது.

கிராங்கோடு சேர்த்து அழுத்திப் பொருத்திய செயின்வீலிலோ, நேரடியாக மாட்டும் வகையிலோ இது நடக்காது. அங்கே இறுக்கமான இடத்துக்கு ஏற்ப வைத்துவிட்டு மிச்சத் தளர்வைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மற்ற ஃபிரேம்கள்

நகரும் டிராப்அவுட் வகையில் டிஸ்க் காலிப்பரும் டிராப்அவுட்டோடு சேர்ந்தே நகரும் என்பது பெரிய வசதி. பக்கத்துக்கு இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, பின்னால் உள்ள சிறு திருகுகளை இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பி, அதே பத்து சுற்றுச் சோதனையைச் செய்யுங்கள்.

எக்ஸென்ட்ரிக் பிபி வகையில் பின் சக்கரம் அசையாது, பிபி ஒரு உருளைக்குள் மையம் விலகி உட்கார்ந்திருக்கும். அந்த உருளையைச் சுழற்றினால் கிராங்க் முன்னால் அல்லது பின்னால் போகும். ஒரே இறுக்கம் மேலே ஒரு நிலையிலும் கீழே ஒரு நிலையிலும் கிடைக்கும். கல்லும் வேரும் நிறைந்த பாதைக்கு மேல் நிலையே எனக்குப் பிடிக்கும், பெடல் தரையில் இடிக்காது. கிராங்க் இடம் மாறுவதால் சீட் உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வகை கிரீச்சிடுவதற்குப் பேர்போனது. வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, துடைத்து, கிரீஸ் பூசுவதுதான் மருந்து, போல்ட்டை மேலும் முறுக்குவது அல்ல.

கியர் வண்டியை மாற்றியவர்களுக்குத்தான் கஷ்டம், டிராப்அவுட் செங்குத்தாக இருக்கும், ஆக்சில் எங்கும் நகராது. மேலே சொன்ன கணக்கைப் பல பல் எண்ணிக்கைகளுக்குப் போட்டு, இரட்டைப்படை எண்ணுக்கு ஒரு துளி கீழே நிற்கும் ஜோடி கிடைக்கிறதா என்று தேடலாம். கிடைத்தாலும் செயின் தேய்ந்ததும் தொங்கும். அதனால் டென்ஷனர் (செயினை அழுத்தி இறுக்கமாக வைக்கும் கருவி) போடுவதே நல்லது. செயினை மேல்நோக்கித் தள்ளும் டென்ஷனராக இருந்தால் ஸ்ப்ராக்கெட்டில் கூடுதல் பற்கள் செயினோடு சேரும், பல் தாண்டுவது குறையும். காசு செலவழிக்க மனமில்லை என்றால் பழைய பின் டீரெய்லரையே மாட்டி, லிமிட் திருகை (அது நகரும் எல்லையைக் கட்டுப்படுத்தும் திருகை) வைத்து அதன் சின்னச் சக்கரத்தை ஸ்ப்ராக்கெட்டுக்கு நேர் கீழே கொண்டுவந்து நிறுத்துங்கள். செயினைச் சுருக்கிப் போட்டால் போதும். பின் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஆக்சிலுக்கும் பிபிக்கும் உள்ள தூரமே மாறும், அங்கே பெரும்பாலும் டென்ஷனர் இல்லாமல் முடியாது.

ஓட்டிய பிறகு

புதுச் செயின் போட்டால் முதல் இரண்டு மூன்று ஓட்டத்துக்குப் பிறகு கட்டாயம் பார்க்கவும், கண்ணிகளும் நட்டுகளும் ஓரளவு படிந்து உட்காரும். மழைக்காலத்தில் செம்மண் சேறு செயினுக்கும் பல்லுக்கும் நடுவில் அடைந்தால் பற்கள் தடித்துவிட்ட மாதிரி செயின் தானாகவே இறுகும். அந்த நேரத்தில் நட்டைத் தளர்த்தாதீர்கள், பாட்டிலில் உள்ள தண்ணீரை ஊற்றிக் கழுவினாலே பழைய ஆட்டம் திரும்பிவிடும். கழுவாமல் தளர்த்தினால், சேறு உதிர்ந்ததும் இறக்கத்தில் செயின் கழன்றுவிடும்.

94 கண்ணிச் செயினின் மொத்த நீளம் 1194 மி.மீ. அது அரை சதவீதம் தேய்ந்தால் 6 மி.மீ. நீளும், ஆக்சிலை 3 மி.மீ. பின்னால் இழுக்க வேண்டியிருக்கும். இதை வைத்து ஒரு எளிய வேலை செய்யலாம்: புதுச் செயின் போட்டு டைட் வைத்த அன்றே, ஆக்சில் நிற்கும் இடத்தில் டிராப்அவுட்டின் மேல் பெயிண்ட் பேனாவால் ஒரு மெல்லிய கோடு போட்டுவிடுங்கள், அதற்கு 3 மி.மீ. பின்னால் இன்னொரு கோடு. ஆக்சில் இரண்டாவது கோட்டைத் தொட்டதும் செயினை அளந்து பார்த்து மாற்றிவிடலாம், பையில் ஒரு 15 ஸ்பேனரும் ஒரு செயின் லாக்கும் இருந்தால் நடுவழியில் வேறு எதுவும் தேவைப்படாது.